மழைக்கட்டையும் சிலுப்பிய கெடாவும்

பருத்திப்பால் வாசனை வந்தால் ஊருக்குத் தொண்டை இதமாகும். எனக்குக் காது சூடாகும்.

சாயங்காலமானால் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அந்தத் தள்ளுவண்டி வந்து நிற்கும். அண்டா மூடியைத் திறந்ததும் கருப்பட்டியும் சுக்கும் அரைத்த பருத்திக்கொட்டையும் கலந்த ஓர் ஆவி எழும்பி, விசைத்தறிச் சத்தத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு தெருத்தெருவாகப் போகும். எல்லாரும் மூக்கை நீட்டுவார்கள். நான் நடையை எட்டிப் போடுவேன். என் மனைவி ஈஸ்வரி விடமாட்டாள். வேண்டுமென்றே வண்டியோரம் நின்று, "ஒரு கிளாசு போதும்ணே. இவுகளுக்கு வேண்டாம். இவுக மேல அந்த வாசம் பட்டா எங்கிட்டிருந்தாச்சும் ஒரு கெடா ஓடியாந்துரும்" என்பாள். வண்டிக்காரர் சிரிக்கமாட்டார். அனுதாபத்தோடு என்னைப் பார்ப்பார். (சிரித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.)

நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனிதன் புதிதாக ஒரு கலையைக் கற்கத் தொடங்கினால் அவனைத் தடுக்கச் சட்டத்தில் இடமில்லை. இந்த நாட்டின் பெரிய குறை அது. என்னைத் தடுத்திருந்தால் ஒரு காதுகுத்து ஒழுங்காக நடந்திருக்கும். ஒரு கூட்டமே மதியம் கறிச்சோறு சாப்பிட்டிருக்கும்.

அப்போது நான் விசைத்தறி உதிரிபாகக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான். ஆனால் அப்போது அதை வேலை என்று சொல்லமாட்டேன். 'இடைக்கால ஏற்பாடு' என்பேன். மற்றபடி நான் கவிஞன். வசனகவிதை. 'கானலின் விலா எலும்புகள்' என்று ஒரு தொகுப்பைச் சொந்தச் செலவில் போட்டிருந்தேன். வாசகர்கள் தேடி வந்தால் அலைய வேண்டாம் என்று எல்லாப் பிரதிகளையும் எங்கள் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தேன். யாரும் வரவில்லை. கரையான் வந்தது. முன்னுரையை மட்டும் தின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

கால் ஓரிடத்தில் நிற்காத பிறவி நான். புல்லாங்குழல் வாங்கி மூச்சு வாங்கினேன். தேனீ வளர்த்து முகம் வீங்கினேன். அந்த வரிசையில் ஒருநாள் செல்போனில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கட்டைகளை மாற்றி மாற்றி ஆகாயத்தில் எறிந்து பிடிப்பதைப் பார்த்தேன். ஜக்ளிங். கர்லாக்கட்டைக்கு ஒல்லியான தம்பி ஒருவன் இருந்தால் எப்படி இருப்பானோ அப்படி இருந்தன அந்தக் கட்டைகள். பிடிக்க மெலிந்த கைப்பிடி, அதற்கு மேல் கழுத்து, உச்சியில் பருத்த தலை. அவை சுழன்று போய், சுழன்று வந்து, கையில் சாதுவாக உட்கார்ந்தபோது எனக்குள் ஏதோ எழுந்து நின்றது. 'திரும்பி வருவதற்காகவே புறப்படும் பறவைகள்' என்று உடனே ஒரு வரி எழுதினேன்.

"எல்லாப் பறவையும் அப்படித்தானங்க போகுது?" என்றாள் ஈஸ்வரி.

எனக்கு எறியவும் வரவில்லை, பிடிக்கவும் வரவில்லை. ஒரு கலையில் இரண்டும் வராதவன் என்ன செய்வான்? அதன் கருவியைச் சீர்திருத்தக் கிளம்புவான். நான் கட்டை வடிவமைப்பாளன் ஆனேன்.

முதலில் செய்தது தண்ணீர் பாட்டிலுக்குள் விளக்குமாற்றுக் கம்பைச் செருகிய மாதிரி. அது சுழலவில்லை, மயக்கம் போட்டு விழுந்தது. அப்புறம் சுரைக்குடுக்கை. 'இயற்கையே வடிவமைத்த கட்டை' என்று பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு விளக்கிவிட்டு மேலே எறிந்தேன். இயற்கை என் உச்சந்தலையில் இறங்கி இரண்டாகப் பிளந்தது. (குடுக்கைதான்.) பிறகு சீமைக்கருவேல மரத்தில் கடைந்து வாங்கி வந்தேன். அது கால் பெருவிரலில் விழுந்தது. அந்த நகம் இன்றுவரை முழு மனதோடு வளரவில்லை.

"பேசாம கவிதையே எழுதுங்க. அதுல யாருக்கும் ரத்தம் வரல" என்றாள் ஈஸ்வரி, மஞ்சள் பத்துப் போட்டபடி.

அந்த நேரத்தில்தான் காதர் ஊருக்கு வந்தான்.

காதருக்கு எங்கள் அடுத்த தெரு. அவன் வாப்பா சைக்கிளில் கைலியும் துண்டும் கட்டிக்கொண்டு எம்.ரெட்டியபட்டிப் பக்கமெல்லாம் போய் விற்றவர். காதர் கடைவேலைக்கென்று ஷார்ஜா போய், கடைசியில் அங்கே ஒரு பெரிய வணிக வளாகத்தில் சிவப்பு மூக்கு மாட்டிக்கொண்டு குழந்தைகளுக்கு ஜக்ளிங் காட்டும் வேலையில் நிலைத்துவிட்டான். அசல் கலைஞன். அவன் எறிந்தால் கட்டைகள் பேச்சுக் கேட்கும். விடுமுறையில் வந்தவனுக்குத் திரும்பிப் போக மனம் ஒப்பவில்லை. காரணத்தை ஒரு தடவைதான் சொன்னான்.

"எம் மக கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு அவ அம்மாகிட்டக் கேக்குதுண்ணே. 'உம்மா, இவுக எப்ப அவுக வீட்டுக்குப் போவாக?'ன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். சிவப்பு மூக்கு இல்லாமல் அவன் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். அவ்வளவு நல்ல சிரிப்பாக இல்லை.

இங்கேயே பிழைக்க ஒரு வழி இருந்தது. மதுரையில் பிரபு என்று ஒருவர். விசேஷ வீடுகளுக்கு பலூன் வளைவு, சோப்புக்குமிழி மெஷின், கரடி வேஷம் போட்ட ஆள் என்று வேனில் கொண்டுவந்து இறக்குவார். அவர் குழுவில் காதருக்கு இடம் கிடைத்துவிட்டால் வருஷம் முழுக்க வேலை. என் சகலை ராமபாண்டி (ஈஸ்வரியின் தங்கை புருஷன், ரெட்டியபட்டிப் பக்கம் நிலமும் குரலும் அதிகம் உள்ளவர்) தன் மகள் காதுகுத்துக்கு அந்தப் பிரபுவைத்தான் பிடித்திருந்தார். நான் நடுவில் புகுந்து பேசினேன். "அன்னைக்கு வந்து ஆடிக் காட்டட்டும் சார். கூட்டத்துக்குப் புடிச்சிருந்தா சேத்துக்கிறேன்" என்றார் பிரபு.

அந்த இடத்தோடு வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் நான் ஒரு நல்ல மனிதன்.

காதரிடம் அவனுடைய பழைய கட்டைகள் இருந்தன. அங்கங்கே கீறல் விட்டு, கறுப்பு டேப் சுற்றி, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவை போல இருந்தன.

"இதுகளை வச்சுக்கிட்டா ஆடப் போற?" என்றேன்.

"கைக்குப் பழகிருச்சுண்ணே. கண்ணக் கட்டிவிட்டாலும் புடிச்சுருவேன்."

"பழைய கட்டையை எறிஞ்சு புது வாழ்க்கையைப் பிடிக்க முடியுமா, காதர்?"

(இந்த மாதிரி வாக்கியங்கள் எனக்குத் தயாரிப்பே இல்லாமல் வரும். அதுதான் சிக்கல்.)

வாய்ப்பு வாங்கிக் கொடுத்தவன் நான். வாங்கிக் கொடுத்தவனிடம் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லத் தெரியாதவன் அவன். அவனுடைய அந்த மரியாதையின் மேல் ஏறி நின்றுதான் நான் என் மிகப் பெரிய கண்டுபிடிப்பைச் செய்தேன்.

எங்கள் சீமையில் மழை என்பது பெய்யும் பொருளல்ல, பேசும் பொருள். திருச்சுழிப் பக்கம் ஒரு மேகம் தெரிந்ததாம் என்று பஸ்ஸில் ஏறியவர் சொன்னால் டிரைவரே திரும்பிப் பார்ப்பார். அப்படிப்பட்ட மண்ணில், எறியும்போது மழைச் சத்தம் கேட்கும் கட்டை ஒன்று இருந்தால்? கட்டையின் தலை வெறும் கூடாக இருக்க வேண்டும். உள்ளே ஏதாவது விதை. சுழலச் சுழல அது ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குச் சரியும். சர்ர்ர். ஆகாயத்தில் மழை, கையில் மழை, கலைஞனைச் சுற்றி மழை. உலகத்தில் எந்த ஜக்ளிங்காரனுக்கும் தோன்றாத யோசனை. (ஏன் தோன்றவில்லை என்பது பின்னால் தெரிந்தது.)

என்ன விதை என்பதில் ஆராய்ச்சி நடந்தது. கடுகு போட்டுக் குலுக்கினேன். கல்மழை. துவரை தகர ஷெட்டில் பெய்யும் புயல்மழை. பருத்திக்கொட்டையைப் போட்டேன். மேலே மிச்சமிருக்கும் பஞ்சு மென்மயிரோடு அது சரிந்தபோது, ஆகா, தூறல்! மாட்டுத்தீவனக் கடையில் போய், "சன்னமான சத்தம் வரும் கொட்டையாகக் கொடுங்கள்" என்று கேட்ட முதல் வாடிக்கையாளன் நானாகத்தான் இருப்பேன். கடைக்காரர் மாடு சுகமாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

கைப்பிடிக்கு நூல் சுற்றி வரும் அட்டைக் கோன். தலைக்கு பலூனை ஊதி அதன் மேல் காகிதக்கூழ் பூசிக் காயவைப்பது. கூழுக்குக் காகிதம்? கட்டிலுக்கடியில் கிடந்த விலா எலும்புகளை வெளியே எடுத்தேன். தண்ணீரில் ஊறவைத்து, ஈஸ்வரி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கிரைண்டரில் போட்டு அரைத்தேன். (அந்த வாரத்து இட்லி ஒன்றில் 'ஆகவே' என்ற சொல் தென்பட்டதாக அவள் இன்றும் சாதிக்கிறாள்.) கூழ் கெட்டிப்பட வெந்தயம், ஒட்டுவதற்குப் புளியங்கொட்டைப் பசை. உள்ளே பூச்சி அண்டாமலிருக்கக் கொட்டையோடு இரண்டு கை கல்லுப்பு. அதற்கு 'மழைக்கட்டை' என்று பெயர் சூட்டினேன். நீலச் சாயம் அடித்தேன்.

காதர் ஒன்றைக் கையில் வாங்கி எடை பார்த்தான். முகர்ந்தான். கழுத்தை மெல்ல அசைத்தான்.

"உள்ள இன்னும் ஈரமா இருக்குண்ணே. கழுத்து வேற ஆடுது."

"அது ஆட்டம் இல்ல காதர். நெகிழ்வு."

"சரிண்ணே" என்றான். அந்த 'சரிண்ணே'வில் ஒரு மனிதனின் எதிர்காலமே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அது பாராட்டாகக் கேட்டது.

*

காதுகுத்து சகலையின் குலசாமி கோயிலில். கோயில் என்றால் ஒரு வேப்பமரம், அதன் அடியில் அரிவாளோடு கருப்பசாமி, சுற்றிலும் கண்ணுக்கெட்டியவரை வாய் பிளந்த கரிசல். அதன் நடுவே பிரபு இளஞ்சிவப்பு பலூனில் ஒரு வளைவை நட்டிருந்தார். கருப்பசாமிக்கு வலது பக்கம் கரடி வேஷக்காரர் வேர்த்துக்கொண்டு நின்றார். ஃப்ளெக்ஸ் போர்டில் சகலையின் படம் ஆளுயரத்தில் கும்பிட்டது. காது குத்திக்கொள்ளப் போகிற பிள்ளையின் படம் அவர் கைக்கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக இருந்தது.

ஆனால் அன்றைய கதாநாயகன் மரத்தில் கட்டியிருந்த கெடாதான். கறுத்து, கொழுத்து, கொம்பு முறுக்கி நின்றது. சகலை அதற்குப் பல மாதமாகவே விளம்பரம் செய்து வந்தார். "பருத்திக்கொட்டையாப் போட்டு வளத்தது சகல! வேற எதையும் மோந்துகூடப் பாக்காது. கறி வெண்ணையா இருக்கும் பாருங்க." இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். கேட்டும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

"முதல்ல கெடா. அப்பத்தான் மத்தியானத்துக்குள்ள கறி வேகும். காது எங்க போயிரப் போகுது?" என்று சகலை நிகழ்ச்சி நிரலை அறிவித்தார்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. கெடாவைக் கொண்டுவந்தோம், வெட்டினோம் என்று கிடையாது. மாலை போட்டு சாமி முன்னால் நிறுத்தி, பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். கெடா தலையையும் உடம்பையும் உதறிச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். சிலுப்பாமல் யாரும் அரிவாளைத் தூக்கக்கூடாது. எவ்வளவு பெரிய மனிதர் வீட்டு விசேஷமானாலும் கெடாவின் சம்மதத்துக்குக் காத்திருந்தே ஆக வேண்டும்.

பூசாரி தெளித்தார். கெடா தண்ணீர் பட்ட சிலை போல நின்றது. மறுபடி தெளித்தார். அது பலூன் வளைவை ரசித்தது.

"குடும்பத்துல யாருக்காச்சும் மனத்தாங்கல் இருந்தாச் சொல்லிருங்கப்பா. கருப்பன் முகம் கொடுக்க மாட்டேங்கிறான்" என்றார் பூசாரி.

ஆளாளுக்கு அடுத்தவரைப் பார்த்தார்கள். சகலை கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு என்னிடம் வந்து, எல்லாரும் கேட்கவே சொன்னார்: "சகல, ஒங்க கவிதை புஸ்தகத்தப் படிச்சேன், நல்லாருந்துச்சுன்னு சொன்னேன்ல. படிக்கல. மன்னிச்சிருங்க."

கெடா சிலுப்பவில்லை.

வெயில் ஏறியது. சமையல்காரர்கள் மசாலா அரைத்து வைத்துக்கொண்டு, அரிவாள்காரரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூட்டம் நெளியத் தொடங்கியது. அப்போது சகலை, "அது சிலுப்புறப்ப சிலுப்பட்டும். காதரு, நீ அதுக்குள்ள உன் வித்தையக் காட்டுப்பா" என்றார். பிரபு கூலிங் கிளாசைக் கழற்றிவிட்டு முன்னால் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

காதர் என்னைப் பார்த்தான். ஒரு கையில் அவனுடைய பழைய பை. மறு கையில் என் நீலக் கட்டைகள். நான் கண்ணாலேயே நீலத்தைக் காட்டினேன். பையை மரத்தடியில் வைத்துவிட்டு வந்தான்.

அவன் எறிந்தான். நான் இதைச் சொல்லியே ஆக வேண்டும், கொஞ்ச நேரம் அது நிஜமாகவே நடந்தது. நீலக் கட்டைகள் வேப்பங்கிளை உயரத்துக்குப் போய் ஒன்றன் பின் ஒன்றாகச் சுழன்றன. சர்ர்ர். சர்ர்ர். பேச்சு நின்றது. அந்தப் பொட்டல் வெளியில், மேகத்தின் சுவடே இல்லாத வெள்ளை வானத்தின் கீழே, தூறல் விழும் சத்தம். ஒருவர் தன்னையறியாமல் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். ஒரு அம்மா காயப்போட்ட எதையோ நினைத்துக்கொண்டு எழுந்தேவிட்டார். பிரபு செல்போனைத் தூக்கி வீடியோ எடுத்தார். என் கண் கலங்கியது. ஈஸ்வரிகூட என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் அந்தப் பார்வைக்காகத்தான் பதினேழு வயதிலிருந்து கவிதை எழுதிக்கொண்டிருந்தேன்.

அடுத்த கட்டையின் நெகிழ்வு முடிவுக்கு வந்தது.

கைப்பிடி காதரின் கைக்கு ஒழுங்காகத் திரும்பி வந்தது. தலை வரவில்லை. அது தனியே, ஒரு நீல நிலாவைப் போல, கூட்டத்தின் மேல் மிதந்து போய், கருப்பசாமியைத் தாண்டி, சரியாகக் கெடாவின் முதுகில் விழுந்து வெடித்தது. பருத்திக்கொட்டையும் கல்லுப்பும் ஈரக் கூழுமாகக் கொம்பு, காது, முதுகு எல்லாம் கொட்டியது.

கெடா சிலுப்பியது.

சும்மா இல்லை. கொம்பிலிருந்து வால் நுனி வரை, தோலே கழன்றுவிடும் போல ஒரு சிலுப்பு.

"சிலுப்பிருச்சு!" என்று சகலை கத்தினார். பெண்கள் குலவை போட்டார்கள். அரிவாள்காரர் முன்னால் பாய்ந்தார். சமையல்காரர் அடுப்பில் எண்ணெய் ஊற்றினார்.

"ஏலே, நில்லு!"

சகலையின் சித்தப்பா. வெள்ளைத் துண்டு, எந்த விஷயத்திலும் மாற்றுக் கருத்து உள்ளவர். "கொட்டை விழுந்ததுக்குச் சிலுப்புச்சா, சாமி சொல்லிச் சிலுப்புச்சா? அதச் சொல்லுங்கப்பா மொதல்ல."

"எதுக்குச் சிலுப்புனா என்ன சித்தப்பா? சிலுப்புச்சுல்ல!"

"அப்ப ஈ ஒக்காந்து சிலுப்புனாலும் வெட்டிருவியா?"

"கொட்டையத் தூக்கிக் கெடா மேல போட்டதே கருப்பன்தான்னு வைங்களேன்!" என்று ஒருவர் சமரசம் பேசினார். வயிற்றிலிருந்து வந்த சமரசம்.

"சரிப்பா, கொட்டையப் போட்டது கருப்பன். கட்டைய ஒடச்சது யாரு?"

கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. கரடி வேஷக்காரர்கூடத் தலையைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. சிலுப்பியது செல்லும் என்று பசித்தவர்கள். செல்லாது என்று பயந்தவர்கள். நடுவில் நின்ற பூசாரி கீழே கிடந்த கூழை ஒரு விரலால் தொட்டார், முகர்ந்தார், என்னைக் கூப்பிட்டார்.

"என்னென்ன போட்டிய?"

"பருத்திக்கொட்டை… கல்லுப்பு… வெந்தயம்… புளியங்கொட்டைப் பசை…"

"தம்பி, இது கட்டையா, சினையாட்டுத் தீவனமா?"

பிறகு நிமிர்ந்து தீர்ப்புச் சொன்னார். "தண்ணிக்குச் சிலுப்புனாத்தான் உத்தரவு. தீவனத்துக்கு உத்தரவு கெடையாது. மறுபடி தெளிப்போம்."

தெளித்தார். ஆனால் கெடாவுக்கு இப்போது எங்கள் பக்கம் திரும்பக்கூட நேரமில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. குடம் குடமாகத் தெளித்தாலும் அது சிலுப்பியிருக்காது. மஞ்சள் தண்ணீரும் சேர்ந்து தீவனம் இன்னும் பதமாகிவிட்டது. கொட்டை தீர்ந்ததும் காகிதக்கூழ் ஓட்டைத் தின்னத் தொடங்கியது. கிரைண்டரில் சரியாக அரைபடாத ஒரு தாள் துண்டு அதன் உதட்டோரம் ஒட்டியிருந்தது. 'தாகம்' என்ற சொல் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதுவும் உள்ளே போனது. என் தொகுப்பைக் கீழே வைக்காமல் முடித்த ஒரே உயிர் அதுதான். முடித்துவிட்டு நிமிர்ந்து, அடுத்தது உண்டா என்பது போல என்னைப் பார்த்தது. எனக்குச் சத்தியமாக ஒரு கணம் பெருமையாக இருந்தது.

"கருப்பன் இன்னைக்கு வேண்டாங்கிறான். அவுத்து விட்ருங்க. இனி அது சாமி கெடா" என்றார் பூசாரி.

அந்த அமைதியை நான் வேறெங்கும் கேட்டதில்லை. எழவு வீட்டில்கூட இடையில் ஒரு இருமல் கேட்கும். கறிச்சோற்றுக்கென்று காலையில் டீகூடக் குடிக்காமல் வந்தவர்கள், மல்லாங்கிணற்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்கள், எல்லாருடைய கண்ணும் என் கழுத்தில் ஊன்றி நின்றது. சமையல்காரர்தான் வாயைத் திறந்தார்.

"அரைச்ச மசாலாவ என்ன செய்ய?"

சகலை, இடிந்து போன குரலில், "கத்தரிக்காயில போடு" என்றார்.

*

இதற்கு நடுவில் காதரை யாரும் கவனிக்கவில்லை. கையில் தலையில்லாத கைப்பிடியோடு அப்படியே நின்றான். பிரபு செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கரடிக்காரரிடம் வேனை எடுக்கச் சொல்லி ஜாடை காட்டினார். காதர் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். குனிந்து நீலக் கட்டைகளை ஓரமாக அடுக்கிவைத்தான். யாரோ ஒரு விருந்தாளியின் செருப்பை அடுக்குவது போல அவ்வளவு மரியாதையாக. கதவுக்குப் பின்னால் நின்று 'இவுக எப்ப போவாக?' என்று கேட்ட பிள்ளைக்கு இன்று சாயங்காலம் பதில் கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. நான் கண்டுபிடித்ததிலேயே நன்றாக வேலை செய்தது அந்தப் பதில்தான்.

அங்கே காதுகுத்து தொடங்கியது. மொட்டை போட்ட பிள்ளை யாழினி தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஆசாரியின் கையிலிருந்த கம்பியைப் பார்த்ததுமே அலறியது. மாமன் ஒரு பக்கம் பிடிக்க, அம்மா மறு பக்கம் பிடிக்க, மிட்டாய், கிலுகிலுப்பை, வேனுக்குக் கிளம்பிய கரடி எதுவும் செல்லவில்லை. (கரடியைப் பார்த்து அலறல் கூடியது.) ஆசாரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "தலைய ஆட்டுச்சுன்னா காது கிழிஞ்சுரும் தாயி. என்னால ஆகாது."

காதர் மரத்தடிக்குப் போனான். பழைய பையைத் திறந்தான். டேப் சுற்றிய அந்த நோயாளிக் கட்டைகளை எடுத்துக்கொண்டு பிள்ளைக்கு நேரே வந்து நின்றான்.

எறிந்தான். மழைச் சத்தம் கிடையாது. கட்டை கையில் விழும் சத்தம் மட்டும். டப். டப். டப். அவிழ்த்துவிட்ட சாமி கெடா, கட்டை என்றாலே சாப்பாடு என்று முடிவு கட்டிவிட்டதால், நேராக அவனிடம் போய் அண்ணாந்து நின்றது. காதர் கட்டைகளை விடாமல் எறிந்தபடியே கெடாவுக்குக் குனிந்து ஒரு சலாம் போட்டான். கெடா அவன் சட்டையை மோந்தது. "யப்பா, இதுல உப்பு இல்லப்பா. அது அந்தக் கவிஞர் வீட்டுச் சரக்கு" என்றான். பிள்ளை அலறலை நிறுத்தியது. கெடா எட்டி ஒரு கட்டையின் டேப் நுனியைப் பிடித்து இழுக்க, அவன் ஒரு கையால் எறிந்துகொண்டே மறு கையால் கெடாவோடு கயிறு இழுத்தான். பிள்ளை சிரித்தது. விழுந்து விழுந்து சிரித்தது. பசியோடு நின்ற கூட்டமும் தன்னை மறந்து சிரித்தது.

"குத்துங்க ஆசாரி, சட்டுனு!" என்றாள் அம்மா.

"ரெண்டு காதும் முடிஞ்சு செத்த நேரமாச்சு தாயி" என்றார் ஆசாரி.

யாழினிக்கே தெரியாது. காதில் தங்கம் மின்ன, கெடாவைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தது.

வேனுக்குப் போன பிரபு திரும்பிக் காதரிடம் ஓடிவந்தார். "அண்ணே, காதுகுத்து வீடியோன்னாலே எல்லா வீட்டுலயும் அழுகைதாண்ணே இருக்கும். புள்ள சிரிச்சுக்கிட்டே காது குத்தி நான் பாத்ததே இல்ல. ஒங்க டேட்டெல்லாம் எனக்குக் குடுத்துருங்க. வேற யாருக்கும் ஒத்துக்கிறாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "கட்டை மட்டும் பழசையே கொண்டாங்க" என்றார்.

பந்தியில் கறி மசாலாவில் மிதந்த கத்தரிக்காயை எல்லாரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். எனக்குப் பரிமாறியவர் அப்பளத்தை உடைத்துப் பாதிதான் வைத்தார்.

சகலை வீட்டில் இன்றும் எந்த விசேஷத்துக்கு அழைத்தாலும், "சகல, வெறுங்கையோட வாங்க" என்றுதான் அழைப்பார். அதை மரியாதை என்று நினைப்பவர்கள் வெளியூர்க்காரர்கள். சாமி கெடா இப்போதும் அந்த வேப்பமரத்தடியில்தான் வாழ்கிறது. யார் போனாலும் அசையாது. நான் போனால் எழுந்து வந்து பைகளை மோந்து பார்க்கும். இரண்டாம் தொகுப்பு எப்போது என்று என்னிடம் கேட்பது அது ஒன்றுதான்.

அன்றைக்குச் சாயங்காலம் பிரபு வேனிலேயே காதரும் கிளம்பினான், மறுநாளே மதுரையில் வேலை என்பதால். வழியில் அருப்புக்கோட்டையில் இறங்கி மகளிடம் சொல்லிவிட்டுப் போவதாகத் திட்டம். ரோட்டோரம் நின்று போனில் வீட்டுக்குப் பேசினான். "இல்ல, ஷார்ஜா இல்ல. மதுரைக்குத்தான். நாளைக்கு ராத்திரிச் சோத்துக்கு வந்துருவேன்னு புள்ளகிட்டச் சொல்லு" என்றபோது அவன் சிரித்தான். இந்தத் தடவை நல்ல சிரிப்பு.

நான் பக்கத்தில் போய் நின்றேன். வருத்தம் தெரிவிக்கத்தான் போனேன். ஆனால் வாயைத் திறந்ததும் வேறு வந்துவிட்டது. "காதர், ஒண்ணு யோசிச்சேன். கழுத்தை மூங்கில்ல பண்ணிட்டா ஆட்டமே இருக்காது. கொட்டைக்குப் பதிலா வேப்பமுத்து. கசப்பு. எந்தக் கெடாவும் கிட்ட வராது…"

அவன் என் கையைப் பிடித்து, "வாரேண்ணே" என்று வேனில் ஏறினான். வேன் நகர்ந்தது. நான் விடவில்லை. ஜன்னலைப் பிடித்தபடி கூடவே ஓடினேன். "ஒரு மாசம் குடு, செஞ்சு கொண்டாந்து காட்டுறேன்!"

கரடித் தலைக்குப் பக்கத்திலிருந்து அவன் முகம் வெளியே வந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டான்.

"அண்ணே, அந்தக் கட்டைதான்னா இப்பவே சொல்லிருங்க! நான் ஷார்ஜாவுக்கே போயிர்றேன்!"